பேரப்பிள்ளைக்குப் பொறுப்பு யார்?

பங்குமனைக்குக் கடிதம் கேட்டு வருபவர்கள் பல வகை. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும், அடையாள அட்டை தொலைந்துவிட்டது, இடம்பெயர்ந்து வந்த ஊரில் தம்மை அறிந்தவர் எவருமில்லை, ஆகவே சுவாமியார் எழுதினால் நல்லது என்பார்கள். நாமும் எழுதிக் கொடுப்போம். முத்திரையும் குத்துவோம். அந்த முத்திரைக்கு வெளியில் எவ்வளவு மதிப்பு என்பதைக் கொடுப்பவரும் ஆராய்வதில்லை, வாங்கிச் செல்பவரும் ஆராய்வதில்லை.

2018ஆம் ஆண்டில் ஒரு நாள் காலைப் பூசைக்குப் பின் ஒரு அம்மம்மா வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு பத்து வயதுப் பேத்தி.

"சுவாமி, ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ. இந்தப் பிள்ளை எங்களோடைதான் இருக்குது, நாங்கள்தான் வளர்க்கிறம் எண்டு எழுதினால் போதும்."

எழுதிக் கொடுத்தேன். மூன்று கிழமை கழித்து அதே கடிதத்துடன் திரும்பி வந்தார். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கப் போயிருக்கிறார். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் சொன்னாராம்: "அம்மா, இது கடிதம். எங்களுக்குத் தேவை நீதிமன்றக் கட்டளை. இல்லாவிட்டால் தகப்பன் வந்து கையெழுத்துப் போடட்டும்." அந்த உத்தியோகத்தர் சொன்னதில் பிழை இல்லை. எத்தனையோ வருடமாக நான் எழுதிக் கொடுத்த அதே வகைக் கடிதங்கள் எங்கெங்கே இப்படித் திரும்பி வந்தனவோ என்றுதான் எனக்கு யோசனை ஓடியது.

தகப்பன் வந்து கையெழுத்துப் போடட்டும் என்பதுதான் அந்த அம்மம்மாவுக்குப் பயம். தகப்பன் வந்துவிட்டார். கையெழுத்துப் போட வரவில்லை. பிள்ளையைக் கூட்டிப் போக வந்திருக்கிறார்.

கண்ணால் காணாத சீதனம்

இந்தக் குடும்பத்தின் கதை உங்களிற் பலருடைய கதைதான். வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள். 1990இல் ஊரைவிட்டு எழுந்தார்கள். மல்லாகத்துப் பக்கத்தில் ஐந்து வருடம். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழுந்து நடந்தபோது தென்மராட்சி, பிறகு கிளாலி கடந்து வன்னி. அங்கே குத்தகைக் காணியில் கச்சானும் உழுந்தும் போட்டு மகளை ஆளாக்கினார்கள். 2002 யுத்தநிறுத்தத்தின் பின் ஏ9 பாதை திறந்திருந்த நாட்களில் மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். யாழ்ப்பாணம் வந்து நொத்தாரிசு முன்னிலையில், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த தங்கள் ஆறு பரப்புத் தோட்டக் காணியைச் சீதன உறுதியாக எழுதிக் கொடுத்தார்கள்.

"முள்ளுக்கம்பிக்கு அங்காலை கிடக்கிற காணி. கண்ணாலை பாத்து பன்னிரண்டு வருசம். அதைத்தான் சீதனமாக் குடுத்தம்" என்று அம்மப்பா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மாப்பிள்ளையும் அதை ஏற்றுக்கொண்டுதான் கட்டினார். அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

பேத்தி 2008இல் விசுவமடுவில் பிறந்தாள். அடுத்த வருடம் நடந்தவற்றை நான் எழுதவேண்டியதில்லை. மெனிக் பாமிலிருந்து 2010இல் வெளியே வந்தபோது சொந்தக் காணி இன்னும் வலயத்துக்குள்ளேயே இருந்தது. மறுபடியும் மல்லாகம், மறுபடியும் நலன்புரி நிலையம், தகரக் கொட்டில். மருமகன் கட்டார் போனார். 2016இல் மகள் காய்ச்சலில் இறந்தார். அதன் பிறகு சில மாதங்களில் மருமகனின் காசு நின்றது. வவுனியாப் பக்கத்தில் மறுமணம் செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டார்கள். பிள்ளை அம்மம்மாவோடு இருந்தது. எவரும் எதுவும் கேட்கவில்லை.

2017இல் காணி விடுபட்டது. மறு வருடம் தகப்பன் வந்தார், தமக்கையையும் கூட்டிக்கொண்டு.

"காணி வராமல் இருந்திருந்தால் பிள்ளை எங்களிட்டையே இருந்திருக்கும், சுவாமி" என்றார் அம்மம்மா. இருபத்தேழு வருடமாகக் காணி வரவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மன்றாடிய ஒருவர் சொன்ன வார்த்தை அது.

சட்டத்தில் பேரனார் பேத்தியாரின் இடம்

வருத்தமாக இருந்தாலும் முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பெற்றவர் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை, எத்தனை வருடம் வளர்த்தாலும், பேரனார் பேத்தியாருக்குச் சட்டப்படி தாமாகவே கிடைக்கும் உரிமை எதுவும் இல்லை. இந்த விடயத்தில் எமது நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்தின்படி தந்தையும் தாயுமே இயற்கைப் பாதுகாவலர். ஒருவர் இறந்தால் மற்றவர். மறுமணம் செய்தார் என்பதற்காக மட்டும் அந்த உரிமை போய்விடாது.

ஆனால் அது அசைக்க முடியாத உரிமையும் அல்ல. பிள்ளைகள் எல்லோருக்கும் மேலான பாதுகாவலர் நீதிமன்றமே என்பது அதே சட்டத்தின் கோட்பாடு. பெற்றவரிடம் விடுவதால் பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ கேடு வரும் என்று காட்டினால்தான் மூன்றாம் ஆளிடம் கொடுப்போம் என்று முற்காலத்தில் நீதிமன்றங்கள் இறுக்கமாக நின்றன. காலப்போக்கில் பிள்ளையின் நலனே முதன்மை என்ற பக்கம் சாய்ந்துள்ளன. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விடயங்களில் பிள்ளையின் மிகச் சிறந்த நலனே தலையாயது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. ஆகவே "நாங்கள்தான் வளர்த்தோம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நீதிமன்றம் போகாதீர்கள். இந்தப் பிள்ளைக்கு எங்கே இருப்பது நல்லது, ஏன் நல்லது என்பதைச் சொல்ல ஆயத்தமாகப் போங்கள்.

எமது தேசவழமையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1706, 1707ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை எமது முன்னோரின் வழக்கங்களை எழுதித் தொகுத்தார். அதிலே இந்த அம்மம்மாவின் வழக்கு அப்படியே இருக்கிறது. மனைவி இறந்து கணவன் மறுமணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளை மனைவியின் தாயோ அவள் பக்கத்து நெருங்கிய உறவினரோ எடுத்து வளர்ப்பது வழக்கம் என்றும், அப்போது இறந்தவளின் சீதனம் முழுவதையும், அந்தத் திருமணத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளுடன் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அதிலே கூறப்பட்டுள்ளது. முந்நூறு வருடத்துக்கு முன்னரே பிள்ளையும் காணியும் ஒன்றாகப் பயணம் செய்யவேண்டும் என்பதை எம்மவர் அறிந்திருந்தார்கள். இன்று அதை மட்டும் காட்டி வழக்கை வெல்லலாம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் நலன் என்ற உரைகல்லில்தான் எல்லாம் உரைக்கப்படும். ஆனாலும் மல்லாகத்து அம்மப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவருடைய முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததை நான் கண்டேன்.

இரண்டு வாசல்கள்

நீதிமன்றக் கட்டளை என்றதும் பலர் பொலிசையும் குற்றவாளிக் கூண்டையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். வேறு சிலர் "தத்தெடுத்துவிடுவோம்" என்கிறார்கள். 1941ஆம் ஆண்டுத் தத்தெடுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழான தத்து நிரந்தரமானது. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையிலான சட்டத் தொடர்பை அது மாற்றிவிடும். வெளிநாட்டில் உழைக்கும் தாயிடமிருந்தோ, நோயில் படுத்த தகப்பனிடமிருந்தோ பிள்ளையை அப்படிப் பிரிக்க எந்தப் பேத்தியாரும் விரும்பமாட்டார். அவர்களுக்குத் தேவை சில காலத்துக்கான கட்டுக்காப்பு. அதாவது பிள்ளையை உடன் வைத்து நாளாந்தம் வளர்க்கவும், பாடசாலையிலும் ஆஸ்பத்திரியிலும் பொறுப்பாகக் கையெழுத்திடவும் ஒரு கட்டளை. பெற்றவர் பெற்றவராகவே இருப்பார். நிலைமை மாறினால் கட்டளையும் மாறலாம்.

அதற்கு ஒரு வாசல் மாவட்ட நீதிமன்றம். பிள்ளை வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக் கடதாசியும் சமர்ப்பித்துக் கட்டுக்காப்பையோ பாதுகாவலையோ கேட்கலாம். உயிரோடுள்ள பெற்றவரை எதிர்மனுதாரராகக் காட்டவேண்டும். எதிர்மனுதாரர் என்பது சட்டத்தின் பாஷை. எதிரி என்று அர்த்தமில்லை. அவருக்கு அறிவித்தல் போகும். அவர் சம்மதித்தால் காரியம் இலகு. வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்கு இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம்.

மற்றது நீதவான் நீதிமன்றம், சிறுவர் நீதிமன்றமாக அமரும் வேளையில். இது 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் வழி. கவனிப்பாரற்ற பிள்ளை, அடி உதைக்கு ஆளான பிள்ளை, பெற்றவரின் குடியாலோ நடத்தையாலோ ஆபத்தில் நிற்கும் பிள்ளை ஆகியோருக்கானது. நன்னடத்தை உத்தியோகத்தர் அல்லது பொலிசார் பிள்ளையை நீதவான் முன் கொண்டுவருவர். நீதவான் பிள்ளையை இல்லத்துக்கே அனுப்பவேண்டும் என்று விதியில்லை. "தகுதியான ஆள்" ஒருவரிடம், அவர் உறவினராயினும் அல்லாவிடினும், ஒப்படைக்கலாம். ஒப்படைக்கப்பட்டவருக்கு, கட்டளை நடைமுறையில் இருக்கும்வரை, பெற்றவருக்குரிய அதிகாரமும் உண்டு, கடமையும் உண்டு. இந்த விசாரணைகள் பொதுமக்கள் நிறைந்த மன்றில் நடப்பதில்லை.

இந்த இரண்டாவது வாசலைப் பற்றி எமது மக்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வன்னியில் ஒரு பையன். தகப்பன் குடித்துவிட்டு மண்வெட்டிப் பிடியால் அடித்ததில் கை முறிந்தது. தாய் ஏற்கெனவே மத்திய கிழக்கில். பையனை இல்லத்தில் சேர்க்க எல்லோரும் ஓடித் திரிந்தார்கள். நானும் ஓடினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாச்சி இரண்டு கட்டை தூரத்தில் இருக்கிறார் என்பதை நன்னடத்தை உத்தியோகத்தர்தான் விசாரித்துக் கண்டுபிடித்தார். "என்னட்டை ஒருதரும் கேக்கேல்லையே, தம்பி" என்றாராம் அப்பாச்சி. தகுதியான ஆளாக அவரை நீதவான் ஏற்றுக்கொண்டார். எமது திருச்சபையும் வேறு பலரும் நடத்தும் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பலர் அநாதைகள் அல்லர். தாயோ தகப்பனோ உண்டு, அம்மம்மாவோ அப்பப்பாவோ உண்டு. கட்டில், உணவு, பாடசாலை என்று நாம் நல்லெண்ணத்துடன் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். அந்தக் கதவு மிக இலகுவாகத் திறப்பதனாலேயே உறவினரின் கதவைத் தட்ட மறந்துவிடுகிறோம்.

மல்லாகத்துப் பேத்தி அன்போடு வளர்க்கப்பட்ட பிள்ளை. தகப்பனும் கொடுமைக்காரர் அல்லர். ஆகவே அவர்களுக்குரியது மாவட்ட நீதிமன்றமே.

கடதாசிகள்

யுத்தம் எமது வீடுகளை அழித்ததைவிடக் கடதாசிகளை அழித்ததுதான் இன்றும் நோகிறது. பேத்திக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கவில்லை. 2008இல் விசுவமடுவில் பதிவு செய்ததாகத் தாய் சொல்லியிருந்தார், தேடியதில் கிடைக்கவில்லை. மிஞ்சியிருந்தவை தாய் மெனிக் பாம்வரை சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த பிள்ளையின் சுகாதாரப் புத்தகமும், ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு வரியும். இவை பிறப்பத்தாட்சிக்கு ஈடாகமாட்டா. ஆனால் காலந்தாழ்த்திய பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது ஆதாரமாகக் காட்டலாம். அப்படித்தான் செய்தோம். பிரதேச செயலகத்துக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடமும் அம்மப்பா துவிச்சக்கர வண்டியில் அலைந்த அலைச்சலைக் கணக்கிட்டால் கொழும்புக்குப் போய் வந்திருக்கலாம்.

வேறு என்ன வேண்டும்? தாயின் இறப்பத்தாட்சிப் பத்திரம். தாயும் தகப்பனும் செய்த விவாகத்தின் பதிவு. பிள்ளை தங்களோடு வசிப்பதற்கான கிராம அலுவலரின் அத்தாட்சி, பாடசாலை அதிபரின் கடிதம், பிள்ளையின் தேர்ச்சி அறிக்கைகள், கிளினிக் துண்டுகள். எவர் கொடுத்த காசில் பிள்ளை வளர்ந்தது என்பதைக் காட்டும் எதுவும். அம்மம்மா ஒரு பழைய கொப்பியில் கடைக்கடன் கணக்கு எழுதி வைத்திருந்தார்: சப்பாத்து, கொப்பி, பனடோல். சட்டத்தரணி அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுதான் உங்கடை நல்ல சாட்சி" என்றார்.

பெற்றவர் காணாமற்போயிருந்தால் குடும்பங்கள் இன்னொரு சங்கடத்தில் நிற்கின்றன. இறந்தார் என்று கையெழுத்திட மனம் ஒப்பாது. கையெழுத்திடாமல் எந்த அலுவலும் நகராது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இறப்புச் சான்றிதழுக்கு வழி செய்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயுள்ளார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறவும் வழி பிறந்தது. மகனைத் தேடுவதைக் கைவிடாமலே பேரனின் பொறுப்பைக் கேட்க இது உதவும். இதைப் பெறுவதால் விசாரணை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எவரும் எண்ண வேண்டாம்.

பெற்றவர் வெளிநாட்டில் இருந்தால் அவரின் சம்மதத்தைச் சத்தியக் கடதாசியாக அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்லலாம். பாடசாலை அலுவல்களுக்குப் பல இடங்களில் இதுவே போதுமாகிவிடும். நீதிமன்றம் போகவேண்டி வந்தாலும் வழக்கைச் சுருக்கிவிடும். பிள்ளைகள் உள்ள தாய்மார் வேலைக்கு வெளிநாடு செல்லக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013இல் அரசாங்கம் விதித்து, பின்னர் அதைத் தளர்த்தியது. அறிக்கையில் பிள்ளையைப் பார்ப்பவர் என்று அம்மம்மாவின் பெயர் இருக்கும். ஆனால் அந்த அறிக்கை கட்டுக்காப்புக் கட்டளை ஆகாது. விமானம் ஏறுமுன் மகளிடம் ஒரு சத்தியக் கடதாசி வாங்கி வைப்பது பின்னர் படும் பாட்டில் பாதியைக் குறைக்கும்.

தகப்பனைக் காணப் போனோம்

வழக்குப் போடுமுன் தகப்பனுடன் பேசவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அம்மம்மாவுக்கு விருப்பமில்லை. "அவரோடை என்ன கதை?" என்றார். உபதேசியாரும் நானும் வவுனியாவுக்குப் போனோம்.

ஒரு அறை வீடு. மண் சுவர். புது மனைவியின் மடியில் ஆறு மாதக் குழந்தை. கட்டாரில் கொம்பனி சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்து, கடனோடு திரும்பியிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் இறுகியது.

"காணிக்காக வந்தவன் எண்டுதானே நினைக்கினம்? ஓம், காணியும்தான். கடன் கிடக்குது. ஆனால் என்ரை பிள்ளையை நான் கேக்கக்கூடாதோ, சுவாமி? நந்திக்கடல் பக்கத்தாலை அவளைத் தோளிலை தூக்கிக்கொண்டு வந்தவன் நான்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தேநீர் குடித்தோம். உபதேசியார்தான் மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை எங்கை படுக்கும், தம்பி?" அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரிப் போனது.

காணியைப் பற்றி அவருக்கும் சில விடயம் தெரிந்திருக்கவில்லை. அது மனைவியின் சீதனம். மனைவி இறந்ததும் பிள்ளைக்கு உரியது. பிள்ளை யாரோடு இருந்தாலும், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் காணியை நீதிமன்ற அனுமதியின்றி விற்கமுடியாது, தகப்பனாலும் முடியாது, அம்மப்பாவாலும் முடியாது. (இருபத்தொன்றாக இருந்த பராய வயது 1989இல் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது.) கடனுக்குக் காணி என்ற எண்ணம் அங்கேயே கைவிடப்பட்டது. இதைச் சொல்லும்போது அவருக்கு ஏமாற்றமாக இருந்ததா, ஆறுதலாக இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீதிமன்றத்தில்

சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவர் மனுவைத் தயாரித்தார். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இந்த ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றி வழக்குப் பேசுகிறது. பல நீதிமன்ற வளாகங்களில் அதற்கு அலுவலகம் உண்டு. தோட்டக் காணி விடுபட்டுவிட்டதே, இனி நாங்கள் வசதியானவர்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்று அம்மப்பா பயந்தார். பற்றை மூடி, கிணறு தூர்ந்து கிடக்கும் ஆறு பரப்பை வருமானமாக எவரும் கணக்கிடவில்லை.

நீதிமன்றம் அறிக்கை கேட்டதனால் நன்னடத்தை உத்தியோகத்தர் கொட்டிலுக்கு வந்தார். அதற்கு முதல் நாள் அம்மம்மா தகரத்துக்குச் சாணமும் மண்ணுமாகப் பூசாத குறை. வந்த பெண் கொட்டிலை அதிகம் பார்க்கவில்லை. பிள்ளை எங்கே படிக்கிறது, குளிக்க மறைப்பு உண்டா, இரவில் மலசலகூடத்துக்கு யார் கூட்டிப் போவது, அம்மம்மாவின் சீனி வருத்தத்துக்கு மருந்து ஒழுங்கா என்று கேட்டுவிட்டு, கடைசியில், "உங்களுக்கு ஏதும் நடந்தால் பிள்ளைக்கு யார்?" என்றார்.

அறுபத்தெட்டும் எழுபத்திரண்டும் வயதான இருவர் அதற்கு என்ன சொல்வார்கள்? அம்மம்மா அழுதுவிட்டார். அன்று இரவே சுன்னாகத்தில் இருந்த இளைய மகளை வரச் சொன்னார்கள். பிள்ளையின் சித்தி தன் கணவனின் சம்மதத்தோடு தானும் மனுவில் சேர்ந்துகொண்டார். வயதானவர்கள் மனுப் போடும்போது இப்படி இளையவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுமாறு நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

தவணை நாளில் தகப்பன் வந்திருந்தார். சம்மதம் என்றார். நீதிபதி அத்துடன் விடவில்லை. பிள்ளையைத் தன் அறைக்குத் தனியே கூப்பிட்டுப் பேசினார். பத்து நிமிடம் இருக்கும். உள்ளே என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. அம்மம்மா இன்றுவரை கேட்கவுமில்லை.

இரண்டு வருடத்துக்குக் கட்டுக்காப்பு அம்மம்மா, அம்மப்பா, சித்தி ஆகியோருக்கு. தகப்பன் விரும்பிய ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கலாம். ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில் ஒரு கிழமை தன்னோடு வைத்திருக்கலாம். பராமரிப்புக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுப்பதாகவும் தகப்பன் ஒப்புக்கொண்டார். அவர் மறுத்திருந்தால், 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் நீதவான் நீதிமன்றத்தில் கேட்டிருக்கலாம். கேட்டால் பிள்ளையைப் பறித்துவிடுவார் என்ற பயத்தில் பல பேத்தியார் கேட்பதில்லை. கட்டளை கையில் இருந்தால் அந்தப் பயம் குறைவு. கட்டளை இருந்தும் ஒருவர் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்த் தரமறுத்தால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அல்லது மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடவும் வழியுண்டு. சண்டைக்குப் போய் உலக்கை தூக்க வேண்டியதில்லை.

காணியின் நிர்வாகத்துக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம் செய்யவேண்டியிருந்தது. அது இழுபட்டது, அதை விவரித்தால் இந்த இதழ் போதாது.

அதற்குப் பிறகு

கிணறு இறைக்கிற நாளில் நானும் போயிருந்தேன். இருபத்தேழு வருடத்துச் சேறு. அம்மப்பா வரம்பில் இருந்தபடி, எந்த மூலையில் படி இருந்தது என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். கிணற்றுக்குள் இறங்கி வாளி நிரப்பிக் கொடுத்தது மருமகன்தான். கூலிக்குத்தான் வந்தார், கூலியும் வாங்கிக்கொண்டார். இருவரும் அதிகம் பேசவில்லை.

2020இல் கட்டளையின் காலம் முடிந்தபோது கொரோனாவால் நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தன. திறந்த பின் நீடித்துக்கொண்டார்கள். 2021இல் அம்மப்பா இறந்தார். கட்டளையில் சித்தியின் பெயர் இருந்தபடியால் பிள்ளையின் பாடசாலையோ வங்கிக் கணக்கோ ஒரு நாளும் தடைப்படவில்லை. அவள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். ஓகஸ்டில் ஒரு கிழமை வவுனியாவுக்குப் போய், தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேரப்பிள்ளை இருந்தால், முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ காணுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929 என்ற இலக்கத்துக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை அழையுங்கள், அதற்குக் காசில்லை. சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டைகளையும், இருக்கிற கடதாசி எல்லாவற்றையும், பழுதானதென்றாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கடைக்கணக்குக் கொப்பியையும் மறக்கவேண்டாம். என்னிடம் கடிதம் வேண்டுமென்றால் எழுதித் தருவேன்; அதையும் அந்தப் பையில், எல்லாவற்றுக்கும் அடியில் வையுங்கள்.